பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவை: திருவரங்கத்திலிருந்து ஒரு பரிந்துரை

பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர்கள் பிபிசியாலும் ஐடிவி வலையமைப்பின் நிறுவனங்களாலும் தயாரிக்கப்பட்டு, பிரிட்டனுக்கு வெளியிலும் பெருமளவில் பார்க்கப்பட்டவை. ஒவ்வொரு தொடரும் ஏறத்தாழ அரைமணிநேரப் பகுதிகளால் ஆனது. ஒரே இடம், மாறாத சில மனிதர்கள், வாரம் ஒரு சிக்கல் என்பது பொதுவான அமைப்பு. இத்தொடர்களில் எவற்றை வெளிநாட்டவர் பார்க்கலாம் என்று பலரும் பரிந்துரைப்பதுண்டு. அந்தப் பரிந்துரைகள் திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் பகுதியில் வாழும் ஒரு தமிழ்ப் பார்வையாளருக்குப் பொருந்துகின்றனவா என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது. பெரும்பாலும் பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் மதிப்பீடு. புரிவதற்கு எளிதானவை என்றும் இந்தியர்கள் இடம்பெறுபவை என்றும் நம்மிடம் நீட்டப்படுபவை நமக்கு உரியவை அல்ல. படிநிலையையும் மரியாதையையும் பற்றிய தொடர்களே இவ்வூருக்கு நெருக்கமானவை.

வழக்கமான பரிந்துரைகள்

ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவருக்கு முதலில் சொல்லப்படும் பெயர் 'மிஸ்டர் பீன்' (1990-95). ரோவன் அட்கின்சன் நடித்த இத்தொடரில் பேச்சு மிகக்குறைவு. மொழித்தடை இல்லாததால் உலகெங்கும் சென்றது. திருச்சியிலும் குழந்தைகள் வழியாக வீடுகளுக்குள் நுழைந்துவிட்ட தொடர் இது, யாரும் பரிந்துரைக்கத் தேவையில்லை. ஆனால் மிஸ்டர் பீனைப் பார்த்தவர் பிரிட்டிஷ் நகைச்சுவையைப் பார்த்தவர் ஆகமாட்டார். பீன் ஒரு தனியன். அவனுக்கு மேலதிகாரி இல்லை, கீழே வேலைசெய்பவர் இல்லை, சம்பந்தி இல்லை. பிரிட்டிஷ் நகைச்சுவையின் பெரும்பகுதி யாருக்கு மேல் யார் என்ற கேள்வியில் பிறப்பது. அந்தக் கேள்வி எழாத ஒரே புகழ்பெற்ற தொடரை அதற்கு வாசலாகக் காட்டுவது விந்தையானது.

அடுத்து வருவது 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' (1977-79, பின்னர் 1986). லண்டனில் வெளிநாட்டவருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் மாலைநேர வகுப்பு இதன் களம். வின்ஸ் பவல் உருவாக்கிய இத்தொடரில் பாரி எவன்ஸ் ஆசிரியராக நடித்தார். மாணவர்களில் ஒரு சீக்கியர், ஒரு பாகிஸ்தானியர், எப்போதும் பின்னிக்கொண்டே இருக்கும் ஓர் இந்தியக் குடும்பப்பெண் ஆகியோர் உண்டு. ஆகவே இந்தியர்களுக்கு இது பிடிக்கும் என்பது பரிந்துரைப்போரின் எண்ணம். அது தவறும் அல்ல. இந்தியாவிலும் இலங்கையிலும் இது விரும்பிப் பார்க்கப்பட்டது. பிரிட்டனிலோ இனங்களைப் பற்றிய வார்ப்புகளை வைத்தே சிரிப்பு உண்டாக்குகிறது என்று கருதி லண்டன் வீக்எண்ட் டெலிவிஷன் அதிகாரி மைக்கேல் கிரேட் இதை நிறுத்தினார்.

இந்தத் தொடர் நமக்கு ஏன் பிடித்தது என்பது யோசிக்கத்தக்கது. தமிழ்ப் பார்வையாளர் அதில் தன்னைக் காணவில்லை. சீக்கியரையும் இத்தாலியரையும் ஜப்பானியரையும் பார்த்து, ஆங்கிலம் தெரிந்தவரின் இடத்தில் அமர்ந்து சிரித்தார். தூய வளனார் கல்லூரியும் பிஷப் ஹீபர் கல்லூரியும் உள்ள ஊரில் ஆங்கிலம் என்பது நெடுங்காலமாக ஒரு படிக்கட்டு. ஒரு படி ஏறியவர் கீழ்ப்படியில் நிற்பவரின் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கலாம். கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்தவர்கள் அந்தச் சிரிப்பின் மறுமுனையை அறிவார்கள்.

இதன் இந்தி வடிவம் 'ஜபான் சம்பால்கே' 1993இல் வந்தது. பங்கஜ் கபூர் ஆசிரியராக நடித்தார். வகுப்பில் கற்பிக்கப்படுவது ஆங்கிலத்திற்குப் பதில் இந்தி. அந்த ஒரு மாற்றத்தால் தமிழ்ப் பார்வையாளரின் இருக்கை இடம்மாறிவிட்டது. இப்போது தவறாகப் பேசுபவர் அவர். 1964 ஜனவரி 25 அன்று கீழப்பழுவூர் சின்னசாமி இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்தது திருச்சி ரயில் நிலையத்தின் முன்பு. 1953இல் டால்மியாபுரம் என்ற பெயரைக் கல்லக்குடி என்று மாற்றக் கோரி நடந்த போராட்டமும் இதே மாவட்டத்தில்தான். மொழி வகுப்பில் தடுமாறுபவரைப் பார்த்துச் சிரிப்பது எல்லா ஊரிலும் ஒரே விஷயம் அல்ல. 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' தடைசெய்யப்பட வேண்டியது என்று இதற்குப் பொருளில்லை. பார்க்கலாம், சில பகுதிகளில் சிரிக்கவும் சிரிக்கலாம். ஆனால் நமக்கான தொடர் என்று அதைக் கையில் கொடுப்பவர் நம்மைச் சரியாகப் பார்க்கவில்லை.

ஊரும் நகைச்சுவையும்

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே உள்ள தீவு. ஏழு திருச்சுற்றுகள், இருபத்தொரு கோபுரங்கள். 236 அடி உயர ராஜகோபுரம் 1987இல் நிறைவுபெற்றது. இங்கே தெருக்களே மதில்களுக்கு உள்ளே ஒன்றையடுத்து ஒன்றாகச் சுற்றியிருப்பவை. உத்திர வீதியில் வீடு என்பதற்கும் சித்திரை வீதியில் வீடு என்பதற்கும் வேறுபாடு உண்டு என்று ஊர்க்காரர்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்களுக்கு விளக்கினாலும் புரியாது. முதல் தீர்த்தம் யாருக்கு, சடாரி யார் தலையில் முதலில், பரிவட்டம் யாருக்கு என்பவை எளிய கேள்விகள் அல்ல. வடகலை தென்கலை நாமத் தகராறுகள் வைணவத் தலங்களிலிருந்து நீதிமன்றம் ஏறிய வரலாறு உண்டு.

ஆற்றின் இக்கரையில் வேறு வகைப் படிநிலைகள். பொன்மலை ரயில்வே பணிமனை, திருவெறும்பூர் பெல் நிறுவனம், கண்டோன்மென்ட் பகுதி அலுவலகங்கள், பழைய கல்லூரிகள். எந்த கிரேடு, எந்த டைப் குவார்ட்டர்ஸ், யார் யாருக்கு முன்னால் உட்காரலாம் என்பதில் ஆயுளைச் செலவிட்டவர்கள் நிறைந்த நகரம். பிரிட்டிஷார் இந்த ஊரைச் சுருட்டின் பெயராலேயே அதிகம் அறிந்திருந்தார்கள். ஷெர்லாக் ஹோம்ஸ் தன் முதல் வழக்கிலேயே கொலைகாரன் புகைத்தது திரிச்சினாபொலி சுருட்டு என்று சாம்பலை வைத்துக் கண்டுபிடிக்கிறார். சுருட்டு அங்கே போனது. பதவிப்பெயர்களும் கோப்புகளும் கிளப்புகளும் இங்கே வந்தன.

இந்த மண்ணின் நகைச்சுவையை எழுத்தில் பதிவுசெய்தவர் சுஜாதா (1935-2008). சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் பாட்டியிடம் வளர்ந்து, தூய வளனார் கல்லூரியில் படித்தவர். ஆனந்த விகடனில் அவர் எழுதிய 'ஸ்ரீரங்கத்து தேவதைகள்' கதைகளில் ஜோக்குகள் குறைவு. ரங்கு கடையில் கூடுபவர்கள், ஊர் தன்னை மதிக்கவேண்டும் என்று ஏங்குபவர்கள், கிட்டத்தட்ட மேதைகளாகி நின்றுவிட்டவர்கள் ஆகியோரே அக்கதைகளில் உள்ளனர். ஒருவர் தன்னைப் பற்றி வைத்திருக்கும் மதிப்பீட்டுக்கும் தெரு அவர்மீது வைத்திருக்கும் மதிப்பீட்டுக்கும் இடையிலான தூரத்தில்தான் சிரிப்பு எழுகிறது. பல கதைகளில் அது சட்டென்று துக்கமாக மாறிவிடுகிறது. அந்தக் கதைகளை ரசித்தவருக்கு எந்த பிரிட்டிஷ் தொடர் பிடிக்கும் என்று கேட்டுக்கொள்வதே பரிந்துரைக்கான சரியான வழி.

ஃபால்டி டவர்ஸ்

பன்னிரண்டே பகுதிகள். ஆறு 1975இல், ஆறு 1979இல் ஒளிபரப்பாயின. ஜான் கிளீசும் கானி பூத்தும் எழுதி நடித்தது. டார்க்கி என்னும் கடலோர ஊரில் ஒரு நடுத்தர விடுதியை நடத்தும் பேசில் ஃபால்டி, அவன் மனைவி சிபில், பணிப்பெண் பாலி, பார்சிலோனாவிலிருந்து வந்த பணியாளன் மானுவேல். கிளீசும் அவருடைய மாண்டி பைதான் குழுவினரும் 1970இல் அவ்வூரில் தங்கிய ஒரு விடுதியின் உரிமையாளரே பேசிலுக்கு மாதிரி.

பேசிலின் நோய் ஒன்றே. உயர்ந்த மனிதர்கள் தன் விடுதிக்கு வரவேண்டும். முதல் பகுதியில் அவன் மேட்டுக்குடியினர் படிக்கும் பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கிறான். லார்ட் மெல்பரி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்துசேர்கிறார். பெயரைக் கேட்டதும் பேசிலின் முதுகெலும்பு வளைவதைப் பார்க்கவேண்டும். ஏற்கெனவே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும் குடும்பத்தை எழுப்பி அவருக்கு மேசை தருகிறான். அதே நேரத்தில் சாதாரணப் பேச்சும் திறந்த சட்டையுமாக வந்த இன்னொருவரை அவமதிக்கிறான். லார்ட் ஒரு மோசடிக்காரர், அவமதிக்கப்பட்டவர் காவல்துறையைச் சேர்ந்தவர். முடிவு முன்கூட்டியே தெரிந்துவிடும். சிரிப்பு முடிவில் இல்லை. உண்மை தெரிந்த பிறகும் பேசிலுக்கு லார்ட் என்ற சொல்லின் மீதான பக்தி உடனே இறங்க மறுக்கிறதே, அங்கே இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள இங்கிலாந்தின் வர்க்கப் பிரிவுகளைப் பற்றி நூல் படிக்கவேண்டியதில்லை. முக்கியப் பிரமுகர் தரிசனத்துக்கு வருகிறார் என்று வரிசையில் நின்றவர்களை ஒதுக்கியதைக் கண்டவர்களுக்கும், கல்யாணப் பந்தியில் முதல் வரிசையிலிருந்து எழுப்பப்பட்டவர்களுக்கும் இது தெரிந்த கதை. ஒதுக்குபவரின் முகத்தில் வரும் பரபரப்புகூட அதேதான்.

மானுவேலை அடிப்பதும் அவன் ஆங்கிலத்தைப் பரிகசிப்பதும் இன்று உறுத்தும். ஆனால் 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' போலன்றி இங்கே கதை மானுவேலின் பக்கம் நிற்கிறது. அவன் சொன்னதைச் சொன்னபடி செய்கிறான். சொன்னவனிடம்தான் கோளாறு. ஸ்பெயினில் மொழிமாற்றம் செய்தபோது மானுவேலை இத்தாலியனாக மாற்றினார்கள். சிரிக்கப்படும் இடத்தில் தாங்கள் இருக்க அவர்களுக்கும் மனமில்லை.

'தி ஜெர்மன்ஸ்' என்ற பகுதி பற்றி எச்சரிக்கை தேவை. அதில் விடுதியில் நிரந்தரமாகத் தங்கியிருக்கும் கிழ மேஜர், கிரிக்கெட் பற்றிய ஒரு பேச்சில் இந்தியரையும் மேற்கிந்தியத் தீவினரையும் இழிசொல்லால் குறிப்பிடுவார். 2020இல் யுகேடிவி தன் தளத்திலிருந்து இப்பகுதியை நீக்கி, சில நாட்களில் எச்சரிக்கைக் குறிப்புடன் திரும்ப வைத்தது. மேஜரைத்தான் பரிகசிக்கிறோம், மேஜரின் கருத்தை அல்ல என்பது கிளீசின் வாதம். வாதம் சரிதான். மேஜரைப் போன்றவர்களின் மிச்சத்தை ஆண்டு அனுபவித்த ஊரிலிருந்து பார்க்கையில் அந்த வரி காதில் விழுந்த கணம் சிரிப்பு நின்றுவிடுவதும் உண்மை.

டாட்ஸ் ஆர்மி

1968 முதல் 1977 வரை வந்த 80 பகுதிகள். ஜிம்மி பெரியும் டேவிட் கிராஃப்டும் எழுதியது. இரண்டாம் உலகப்போரில் முன்னணிக்குச் செல்ல வயதோ உடல்தகுதியோ இல்லாதவர்கள் சேர்ந்து உள்ளூரைக் காக்க அமைத்த படை. படைத்தலைவர் கேப்டன் மானரிங் அவ்வூர் வங்கியின் மேலாளர், சார்ஜென்ட் வில்சன் அதே வங்கியில் தலைமைக் குமாஸ்தா. ஆக, பகலில் உள்ள படிநிலை அப்படியே மாலையிலும் தொடர்கிறது.

ஆனால் வில்சன் பிறப்பால் மேற்குடி, பப்ளிக் ஸ்கூல் படிப்பு, அலட்சியமான அழகு. மானரிங் உழைத்து மேலே வந்தவர், குள்ளமானவர், அது அவருக்கு எப்போதும் ஞாபகத்தில் இருக்கிறது. பதவியில் மேலே இருப்பவருக்கும் குலத்தில் மேலே இருப்பவருக்கும் நடுவே ஒவ்வொரு வாரமும் ஓடும் இந்த மெல்லிய வலிதான் தொடர். வில்சனுக்குப் பட்டப்பெயர் ஒன்று வாரிசுரிமையாக வந்துசேரும் பகுதியில், மானரிங் பல காலமாக நுழைய முயன்ற கிளப் அவரை விட்டுவிட்டு வில்சனை அழைக்கிறது. ஆர்தர் லோவின் முகத்தை அப்போது பார்க்கலாம். தமிழில் இப்படி ஒரு நடிப்பை நாகேஷின் சில தருணங்களில் மட்டுமே கண்டிருக்கிறோம்.

நம் அலுவலகங்களில் இதற்கு நிகரான நிலைமை ஏராளம், பேசப்படுவதுதான் இல்லை. நகைச்சுவையாக எழுதப்படுவதும் அரிது. எழுதினால் யார் சாதி எது என்று சொல்லவேண்டி வரும். பிரிட்டிஷ் எழுத்தாளர்களுக்குத் தங்கள் வர்க்கப் பிரிவினையைக் கேலிசெய்வதில் இருந்த சுதந்திரம், சாதி விஷயத்தில் தமிழ் நகைச்சுவைக்குக் கிடைக்கவில்லை, அல்லது நாம் எடுத்துக்கொள்ளவில்லை. சபா நாடகங்களில் கிரேஸி மோகன் அளவுக்குச் சொல்விளையாட்டில் உச்சம் தொட்டவர்கள் உண்டு. 1976இல் எஸ்.வி.சேகருக்காக அவர் எழுதிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' தொடங்கி, அந்த நாடகங்களில் வசனத்துக்கு வசனம் சிரிப்பு விழும். அவற்றின் மாது, சீனு, ஜானகி எல்லோரும் ஏறத்தாழ ஒரே படியில் நிற்பவர்கள். அதனால் அங்கே காதில் தவறாக விழும் சொல் சிரிப்பைத் தருகிறது. மேலிருந்து கீழே விழும் மனிதர் அபூர்வம்.

யெஸ் மினிஸ்டர்

1980-84இல் இத்தொடரும், 1986-88இல் தொடர்ச்சியான 'யெஸ் பிரைம் மினிஸ்டர்' தொடரும் வந்தன. எழுதியவர்கள் ஆன்டனி ஜே, ஜானதன் லின். அமைச்சர் ஜிம் ஹேக்கராக பால் எடிங்டன், நிரந்தரச் செயலர் சர் ஹம்ஃப்ரியாக நைஜல் ஹாதார்ன், இருவருக்கும் நடுவில் தனிச்செயலர் பெர்னார்டாக டெரெக் ஃபோல்ட்ஸ். அன்றைய பிரதமர் மார்கரெட் தாட்சருக்கு மிகவும் பிடித்த தொடர். எந்த அரசைக் கேலிசெய்கிறதோ அந்த அரசின் தலைவரே ரசிப்பது நையாண்டிக்கு வெற்றியா தோல்வியா என்பது தனி விவாதம்.

இத்தொடரின் சிறந்த பகுதிகளில் ஒன்று, 1981இல் வந்த மருத்துவமனைக் கதை. புதிய மருத்துவமனை ஒன்று ஐந்நூறு நிர்வாகப் பணியாளர்களுடன் மிகச் சிறப்பாக இயங்குகிறது. நோயாளி ஒருவர்கூட இல்லை. அமைச்சர் திடுக்கிடுகிறார். அதிகாரிகளுக்கு அவர் ஏன் திடுக்கிடுகிறார் என்று விளங்கவில்லை. நாட்டிலேயே மிக நன்றாக நிர்வகிக்கப்படும் மருத்துவமனை அல்லவா அது.

இந்தப் பகுதியை, அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பாவுக்குப் போட்டுக்காட்டியதுண்டு. மிஸ்டர் பீனைப் பார்த்து எழுந்துபோனவர் இதை முழுக்கப் பார்த்தார். ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. முடிந்ததும், "இதுல சிரிக்கறதுக்கு என்னடா இருக்கு? நாங்க இப்படித்தானே உத்யோகம் பாத்தோம்?" என்றார். மறுநாள் காலையில் காபி குடிக்கும்போது, "அந்த ஹம்ஃப்ரி அடுத்து என்ன பண்றான்?" என்று கேட்டார். ஒரு மாதத்தில் அத்தனை பகுதிகளையும் பார்த்து முடித்தார். எனக்குத் தெரிந்து ஒரு தொடருக்கு இதைவிட நல்ல விமர்சனம் கிடைத்ததில்லை.

அவருக்கு அதிகம் பிடித்தது சர் ஹம்ஃப்ரியின் நீண்ட வாக்கியங்கள். ஒன்றைச் சொல்லாமலிருப்பதற்காக ஒரு நிமிடம் மூச்சுவிடாமல் பேசும் அந்த மொழி தமிழக அரசு அலுவலகங்களில் பழகியவருக்குப் புதிதல்ல. 'பார்வையில் காணும் கடிதத்தின்பால் தங்கள் கவனம் ஈர்க்கப்படுகிறது' என்று எழுதும்போது ஈர்த்தவர் யார் என்பது ஒருநாளும் தெரியவராது. செயப்பாட்டு வினை நம் அலுவலகத் தமிழில் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் கருவி. ஹம்ஃப்ரி அதையே ஆங்கிலத்தில் செய்கிறார். இரண்டும் ஒரே பள்ளியில் படித்தவை என்பதால் ஆச்சரியமில்லை.

பொருந்தாத இடமும் உண்டு. இத்தொடரின் அடிப்படை, அமைச்சரைவிடச் செயலர் வலியவர் என்பது. தமிழகத்தில் மக்கள் நம்புவது அப்படியல்ல. அமைச்சர் நினைத்தால் எதுவும் நடக்கும் என்பதும், நடக்காவிட்டால் அவர் நினைக்கவில்லை என்பதும் இங்குள்ள பொதுப்புரிதல். ஆகவே ஹேக்கரின் கையாலாகாத்தனம் தொடக்கத்தில் செயற்கையாகத் தோன்றலாம். மாவட்ட அலுவலக அளவுக்கு இறங்கிவந்து, கோப்பை நகர்த்தாத குமாஸ்தாவை ஹம்ஃப்ரியின் இடத்தில் வைத்துப் பார்த்தால் சரியாகிவிடும். 2001இல் ஃபரூக் ஷேக் நடித்து ஸ்டார் பிளஸில் வந்த இந்தி வடிவமான 'ஜி மந்த்ரிஜி' கதைகளைப் பெரும்பாலும் மூலத்தையொட்டியே வைத்துக்கொண்டது. அமைச்சர் பதவியின் கனம் இரு நாடுகளிலும் வேறு என்பதை அது போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை. ஃபரூக் ஷேக்கின் கனிவான முகம் மட்டும் நினைவில் நிற்கிறது.

கீப்பிங் அப் அப்பியரன்சஸ்

ராய் கிளார்க் எழுதி 1990-95இல் வந்த இத்தொடர் பிபிசி வெளிநாடுகளுக்கு மிக அதிகமாக விற்றவற்றில் ஒன்று. விமர்சகர்கள் இதைப் பெரிதாகப் பேசுவதில்லை. நம் ஊர்ப் பெண்களுக்கு உடனே பிடித்துப்போகும். பட்ரீஷியா ரௌட்லெட்ஜ் நடித்த ஹயாசிந்த், தன் குடும்பப்பெயரான பக்கெட் என்பதை 'பூக்கே' என்றுதான் உச்சரிக்கவேண்டும் என்று தபால்காரர்வரை வற்புறுத்துபவர். விலையுயர்ந்த பீங்கான் கோப்பைகளை எடுத்துவைத்துவிட்டு அண்டைவீட்டு எலிசபெத்தை அழைப்பார். உடைத்துவிடுவோமோ என்ற பயத்திலேயே எலிசபெத் உடைப்பார். வசதியான தங்கை வயலட்டின் மெர்சிடஸ் காரைப் பற்றி உரக்கப் பேசுவார். வறுமையில் உள்ள டெய்சியும் அவள் கணவனும் வாசலுக்கு வந்தால் மறைப்பார்.

ஹயாசிந்தின் மகன் ஷெரிடன் திரையில் ஒருமுறையும் வருவதில்லை. தொலைபேசியில் மட்டுமே. அழைப்பு பெரும்பாலும் பணம் கேட்டுத்தான். அம்மாவோ, பையன் எவ்வளவு பாசமாக அழைக்கிறான் என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் பூரிப்பார். கணவர் ரிச்சர்டின் கண்ணில் மட்டும் தொகை ஓடும். பிள்ளைகள் பெங்களூரிலும் நியூஜெர்சியிலும் இருக்க, வாரம் ஒருமுறை வீடியோ அழைப்புக்காகப் பட்டுப்புடவை கட்டிக்கொள்ளும் வீடுகள் உள்ள வீதிகளில் இதை யாருக்கும் விளக்கவேண்டியதில்லை. ஒரே கதை திரும்பத்திரும்ப வருகிறது என்ற குறை நியாயமானது. தினம் இரண்டு பகுதிக்கு மேல் பார்த்தால் சலிக்கும்.

தள்ளிவைக்கத்தக்கவை

'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' பிரிட்டனில் மிகவும் நேசிக்கப்படும் தொடர். தென்லண்டன் பேச்சுவழக்கில் ஊறியது. சென்னைத் தமிழ் அறியாத ஒருவரிடம் தேங்காய் சீனிவாசனைக் கொடுப்பது போன்றது அதை முதலில் தருவது. 'பிளாக்ஆடர்' தொடருக்கு ஆங்கில வரலாறு தெரியவேண்டும். முதல் உலகப்போரில் நிகழும் அதன் நான்காம் பருவம் (1989) விதிவிலக்கு, அதன் கடைசி நிமிடங்களுக்காகவே பார்க்கலாம். பிரெஞ்சுக்காரரைக் கேலிசெய்யும் ''அலோ 'அலோ' நமக்குத் தேவையில்லை. 1752இல் பிரெஞ்சுப் படை ஸ்ரீரங்கத் தீவுக்குள் ஒதுங்கி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. அந்தப் பகையை இங்கே கொண்டுவந்து தீர்த்துக்கொண்டார்களே தவிர, அதிலுள்ள நகைச்சுவையை விட்டுச்செல்லவில்லை.

நம்மைப் பற்றியவை

'இட் ஏன்ட் ஹாஃப் ஹாட் மம்' (1974-81) டாட்ஸ் ஆர்மியை எழுதிய அதே இருவர் எழுதியது. போர்க்காலத்தில் இந்தியாவின் தேவ்லாலி முகாமில் உள்ள பிரிட்டிஷ் கேளிக்கைக்குழு இதன் களம். இதில் ரங்கி ராம் என்னும் இந்தியப் பணியாளராக நடித்தவர் மைக்கேல் பேட்ஸ். ஜான்சியில் பிறந்த ஆங்கிலேயர், இந்துஸ்தானி அறிந்தவர். முகத்தில் கருமை பூசிக்கொண்டு நடித்தார். பிபிசி இப்போது இதை மறுஒளிபரப்புச் செய்வதில்லை. வெள்ளை அதிகாரிகளைவிடத் தானே பெரிய ஆங்கிலேயன் என்று ரங்கி ராம் நினைத்துக்கொள்வதுதான் பாத்திரத்தின் நகைச்சுவை. அது நன்றாகக் கவனிக்கப்பட்ட ஒன்று, நம் தாத்தாக்களில் சிலர் அப்படியே இருந்தார்கள். இருந்தும், பூசிய முகம் பேசும்போது அந்தக் கவனிப்பு கண்ணில் படுவதில்லை. டாட்ஸ் ஆர்மியில் தங்கள் தந்தையரின் தலைமுறையை எழுதியபோது அவ்விருவரிடம் இருந்த நுட்பம், இந்தியரை எழுதும்போது பாதியாகிவிட்டது.

இதற்குப் பதில் 'குட்னெஸ் க்ரேஷியஸ் மீ' (1998-2001). சஞ்சீவ் பாஸ்கர், மீரா சியால், குல்விந்தர் கிர், நீனா வாடியா ஆகிய நால்வரும் நடித்த துணுக்குக் காட்சிகளின் தொகுப்பு. இதன் மிகப்புகழ்பெற்ற காட்சியில் இந்திய நண்பர்கள் கூட்டம் ஒன்று குடித்துவிட்டு ஆங்கில உணவகத்துக்குப் போகிறது. இருப்பதிலேயே காரமில்லாத, சப்பென்ற உணவு எது என்று சவால்விட்டுக் கேட்கிறது, பரிமாறுபவரின் பெயரைக் கொலைசெய்கிறது. இங்கிலாந்தின் இந்திய உணவகங்களில் வெள்ளிக்கிழமை இரவுகளில் நடப்பதன் நேர்த்தலைகீழ். இரண்டாம் தடவை பார்க்கையில், காவிரிக்கரை மெஸ்ஸில் வடஇந்தியப் பரிமாறுநரின் பெயரை நாம் எப்படிக் கூப்பிடுகிறோம் என்பதும் ஞாபகம் வரும். இத்தொடர் பஞ்சாபிக் குடும்பச் சூழலைப் பெரிதும் சார்ந்திருப்பதால் சில காட்சிகள் நமக்கு அந்நியமாகவே இருக்கும்.

தமிழரின் குரல் பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவையில் ரோமேஷ் ரங்கநாதன் வழியாக வந்தது. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு இங்கிலாந்தின் கிராலியில் பிறந்தவர், கணித ஆசிரியராக இருந்தவர். 2015இல் வந்த 'ஏஷியன் புரொவகேட்டர்' நிகழ்ச்சியில் அம்மாவின் வற்புறுத்தலால் இலங்கைக்குச் சென்று உறவினரிடையே விழிக்கிறார். 2018இல் தொடங்கிய 'தி ரிலக்டன்ட் லாண்ட்லார்ட்' தொடரில் அப்பா விட்டுச்சென்ற மதுக்கடையை நடத்தமுடியாமல் நடத்துகிறார். இதில் நிஜவாழ்க்கையின் சாயல் உண்டு, அவருடைய தந்தையும் அப்படி ஒரு கடையை நடத்தியவரே. ஃபால்டி டவர்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் எழுத்து தளர்வானது. அவருடைய அம்மா சாந்தி, மகனின் புகழைச் சிறிதும் பொருட்படுத்தாமல் 'ஏஷியன் புரொவகேட்டர்' நிகழ்ச்சியில் பேசும் இடங்கள் வேறு தரம். அங்கே யாருக்கு மேல் யார் என்பதில் ஐயமே இல்லை.

பார்க்கும் முறை

ஆங்கிலத் துணையெழுத்துடன் பார்ப்பது நல்லது. ஆங்கிலம் நன்கு அறிந்தவர்களும் முதல் இரண்டு பகுதிகளுக்காவது அதைப் போட்டுக்கொள்ளலாம், இதில் கௌரவக்குறைவு ஏதுமில்லை. பின்னணிச் சிரிப்பு ஒலி சிலருக்கு எரிச்சலூட்டும். மேலே மதிப்பிட்ட பழைய தொடர்களில் அது பெரும்பாலும் அரங்கில் அமர்ந்திருந்த பார்வையாளர்களின் உண்மையான சிரிப்பு. எஸ்.வி.சேகர் நாடகங்களை கேசட்டில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது பழகிய ஒலிதான்.

வீட்டில் ஓய்வுபெற்ற அரசு ஊழியர் இருந்தால் யெஸ் மினிஸ்டரின் இரண்டாம் பருவத்து முதல் பகுதியான மருத்துவமனைக் கதையிலிருந்து தொடங்கலாம். வங்கியில் வேலைபார்த்தவருக்கு டாட்ஸ் ஆர்மி. மற்ற எல்லோருக்கும் ஃபால்டி டவர்ஸின் முதல் பகுதி. லார்ட் மெல்பரி உள்ளே நுழைந்ததும் பேசிலை விட்டுவிட்டு, மேசையிலிருந்து எழுப்பப்படும் அந்தக் குடும்பத்தைப் பார்க்கவும். அவர்கள் எழுந்துபோவார்கள்.